கயிறு பிடித்தவர்

சதானந்தன் முப்பத்திரண்டு வருஷம் தண்ணீருக்குள் இறங்கி ஏறியவர். ஆனால் தண்ணீருக்குள் எதையும் கண்ணால் பார்த்தது கிடையாது.

தீயணைப்புப் படையில் அவருக்கு வாய்த்த வேலை அப்படி. கிணற்றில் தவறி விழுந்தவர்கள், கோயில் குளத்தில் முங்கியவர்கள், மழைக்காலத்தில் நெய்யாறு இழுத்துக்கொண்டு போனவர்கள், கள்ளிக்காட்டுப் பக்கம் அணைத் தேக்கத்தில் வள்ளம் கவிழ்ந்து போனவர்கள் என்று எல்லோரையும் மேலே கொண்டுவர அவரைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு போவார். கலங்கலில் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். கையால் தடவித் தடவிப் போக வேண்டும். சேறு, வேர், உடைந்த வாளி, கல். அப்புறம் ஒரு சட்டைக் காலர், அல்லது கொத்தாக முடி. அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிடுவார்.

அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை எப்போதும் வேலாயுதன் கையில் இருக்கும். அமரவிளைக்காரர். இரண்டு வயது மூத்தவர். ஒரே நிலையத்தில் கூடவே வேலை பார்த்தவர். கீழேயிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் குழப்பமில்லை என்று அர்த்தம். இரண்டு என்றால் இன்னும் கயிறு விடு. மூன்று என்றால் தூக்கு. வேறு யாராவது கயிற்றைப் பிடிக்க வந்தால் சதானந்தன் இறங்கமாட்டார். "வேலண்ணன் வரட்டு" என்று கரையிலேயே உட்கார்ந்துவிடுவார். அதிகாரி கத்தினாலும் அசையமாட்டார்.

இருவரும் ஓய்வு பெற்றாகிவிட்டது. சதானந்தனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. கொல்லயிலில் வீடு, சுற்றி நாற்பது தென்னை, கொஞ்சம் வாழை. மகள் அனுமோள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். வாரத்தில் மூன்று நாளாவது வேலாயுதன் பைக்கில் வந்து ஒரு சாயா குடித்துவிட்டுப் போவார்.

அந்த வருஷம் ஓணத்துக்கு வந்த அனுமோள்தான் அந்த வீடியோவைக் காட்டினாள். முதுகில் காற்று சிலிண்டர் கட்டிய ஒரு நரைத்த தலை மனிதர், கண்ணாடிபோல் தெளிந்த கடலுக்கடியில் கையைக் கட்டிக்கொண்டு மிதந்தார். அவரைச் சுற்றி மஞ்சள் மீன்கள் கூட்டமாகப் போயின. மணலில் அவருடைய நிழல் விழுந்திருந்தது.

சதானந்தன் அதை நான்கு தடவை பார்த்தார்.

"மக்கா, அது நெழலா? வெள்ளத்துக்கு அடியிலயா?"

"ஆமாப்பா. அவ்வளவு தெளிஞ்ச வெள்ளமாக்கும்."

"இது ஆரு வேணும்னாலும் செய்யலாமா?"

"படிக்கணும். நாலு நாள் கிளாஸ். புதுசா படிக்கியவங்களுக்குன்னே எடம் உண்டு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேலாயுதனைப் பார்த்தார் சதானந்தன். முப்பது வருஷம் கயிற்றின் இரண்டு முனையில் நின்றவர்கள். "அண்ணே, நமக்குப் போவமா?"

வேலாயுதன் சிரித்தார். "பின்ன என்ன. போவாம் மக்கா."

அன்றிலிருந்து சதானந்தனுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது. ஜனவரியில் போவது என்று முடிவு. எங்கே என்பதுதான் கேள்வி. அனுமோள் பெங்களூரிலிருந்து ஒன்றொன்றாக அனுப்புவாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, வேலாயுதன் வரும்போது விளக்கிச் சொல்வார்.

முதலில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தார்கள். தூத்துக்குடியும் ராமேஸ்வரமும் ஐப்பசி, கார்த்திகை மழையில் கலங்கிக் கிடக்கும். ஜனவரியில் தெளிந்தாலும் தெளியும், தெளியாமலும் போகும். "கலங்கல்ல முங்கணும்னா எனக்கு நெய்யாறு போதுமே" என்று தள்ளிவிட்டார். எகிப்துப் பக்கம் செங்கடல் கண்ணாடிபோல் இருக்கும் என்றார்கள். ஆனால் அங்கே அந்த மாசத்தில் தண்ணீர் இருபத்திரண்டு டிகிரிதான். வேலாயுதனுக்குக் குளிர் பட்டால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். "இருவத்தேழுக்குக் கொறஞ்சா நமக்கு வேண்டாம்" என்று அவருக்காகவே ஒரு கணக்கு வைத்தார். மாலத்தீவில் வெள்ளம் சூடுதான், மீனும் உண்டு. ஆனால் தீவுகளுக்கு இடையே நீரோட்டம் பலமாக இருக்கும் என்று படித்ததும் புதியவர்களுக்கு அது ஆகாது என்று விட்டார். தாய்லாந்தில் ஒரு தீவு புதிதாகப் படிப்பவர்களுக்குப் பேர்போனது. ஆனால் அங்கே கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்துக்கொள்ளும். இலங்கையின் தென்கரை, லட்சத்தீவு இரண்டும் கடைசிவரை நின்றன. இலங்கையில் படகில் போய்க் குதிக்க வேண்டியிருந்தது. லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வாங்க அலைய வேண்டும் என்று வேலாயுதன்தான் முகம் சுளித்தார்.

கடைசியில் அந்தமானில் ஹாவ்லாக் தீவு என்று முடிவானது. ஜனவரியில் மழை ஓய்ந்திருக்கும், வெள்ளம் இருபத்தெட்டு டிகிரி. படகிலிருந்து ஆழத்தில் குதிக்க வேண்டாம். கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். இடுப்பளவு வெள்ளத்தில் மணலில் மண்டியிட்டுப் பாடம் தொடங்கும். ஏதாவது ஆகிவிட்டால் போர்ட் பிளேயரில், முங்கி உடம்பு கெட்டவர்களைப் படுக்கவைத்துத் தேற்றும் அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரியும் உண்டு என்று படித்து வைத்திருந்தார். கடைசியாக முங்கிய பிறகு ஒரு நாள் முழுக்க விமானம் ஏறக்கூடாது என்பதால், திரும்பும் நாளையும் ஒன்று தள்ளிப் போட்டார்.

இதையெல்லாம் ஒன்று விடாமல் வேலாயுதனிடம் சொல்லுவார். வேலாயுதன் சாயா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். "கொள்ளாம் சதா, நல்ல கொள்ளாம்" என்பார். மனைவி சுகுமாரி அடுக்களை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "அங்க மீன்கறி கிட்டுமா?" என்று ஒரு நாள் கேட்டாள். சதானந்தனுக்கு அது போதுமானதாக இருந்தது. இவளுக்கும் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தார்.

நவம்பரில் பள்ளிக்கூடத்திலிருந்து படிவம் வந்தது. தீவில் முங்கச் சொல்லிக்கொடுக்கும் இடத்தை அவர்கள் பள்ளிக்கூடம் என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள். உடல்நிலை பற்றி நிறையக் கேள்விகள். ஆமா, இல்லை என்று குறிக்க வேண்டும். ஆஸ்துமா, இல்லை. நெஞ்சு வலி, இல்லை. எப்போதாவது நினைவு தப்பியதுண்டா?

அங்கே அவர் விரல் நின்றது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, தனுவச்சபுரம் பக்கம் ஒரு பழைய கிணறு. தூர் வார இறங்கிய ஆள் அடியில் மயங்கிக் கிடந்தான். கிணற்றுக்குள் கெட்ட வாயு. முகமூடியும் காற்று சிலிண்டரும் மாட்டாமல் இறங்கக்கூடாது என்பது விதி. அதைக் கொண்டுவரும் இரண்டாவது வண்டி வர பத்து நிமிஷம் ஆகும். அந்த ஆளுக்குப் பத்து நிமிஷம் இல்லை. சதானந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஆளைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார். கயிறு திரும்பி வந்து அதை இடுப்பில் கட்டிக்கொண்டது வரைதான் அவருக்கு ஓர்மை. அப்புறம் கண் திறந்தபோது வாழைத்தோட்டத்து மறைவில், வேலாயுதனின் மடியில் தலை இருந்தது. எல்லோரும் அந்த ஆளைச் சுற்றி நின்றார்கள். இங்கே யாரும் பார்க்கவில்லை.

விதியை மீறியது தெரிந்தால் பதவி உயர்வு போகும். சுகுமாரிக்குத் தெரிந்தால் வேலைக்கே விடமாட்டாள். "அண்ணே, ஆருக்கும் சொல்லாண்டாம்." வேலாயுதன் அவர் தலையில் கை வைத்து, "எனக்க அம்மை மேல சத்தியம், சொல்லமாட்டேன்" என்றார். அந்த ஆள் பிழைத்துக்கொண்டான். இன்றும் எங்கேயாவது பார்த்தால் கைகூப்புவான்.

சதானந்தன் அந்தக் கேள்விக்கு இல்லை என்று குறித்தார். கொஞ்சம் உறுத்தியது. நல்ல காற்று இல்லாத இடத்தில் யார் இறங்கினாலும் மயங்கத்தான் செய்வான், அது ஒரு நோயா என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

டிசம்பர் முதல் வாரத்தில் பதில் வந்தது. வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போனைத் திறந்தார். மூன்று தடவை படித்தார். அவருக்குக் கிணற்றுக்குள் வலிப்பு வந்து நினைவு தப்பியது என்று குடும்பத்திலிருந்து ஒருவர் தெரிவித்திருக்கிறார். ஆகவே நரம்பு மருத்துவர் ஒருவர் பரிசோதித்து எழுதித் தராமல் அவரைச் சேர்த்துக்கொள்ள முடியாது. அவருடைய பாதுகாப்பு கருதித்தான் இது என்று பணிவாக எழுதியிருந்தார்கள்.

கிணறு. அந்தச் சொல்லை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். குழாயிலிருந்து தண்ணீர் ஓடி வரப்பை உடைத்துக்கொண்டு போனது.

அனுமோளைக் கூப்பிட்டார். "மக்கா, பள்ளிக்கூடத்துக்கு ஆரோ கடிதம் எழுதியிருக்காவ. குடும்பத்துல உள்ள ஆளுன்னு போட்டிருக்கு."

"நானாக்கும் எழுதுனேன், அப்பா."

"நீயா?"

"அம்ம ரொம்ப அழுதுப்பா. எனக்கு வேற வழி தெரியல்ல."

"அம்மைக்கு கெணத்து விஷயம் எப்பிடித் தெரியும்?"

"வேலு மாமன் சொல்லிச்சு. அப்பாக்கு வெட்டு, அந்த வலிப்பு வந்துன்னும், வெள்ளத்துக்குள்ள வந்தா பின்ன ஆளு கிட்டாதுன்னும்."

"எப்போ சொன்னாரு?"

"நான் ஓணம் முடிஞ்சு வந்து பத்துப் பதினஞ்சு நாள் இருக்கும்."

செப்டம்பர். சதானந்தன் வாழைமூட்டில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் செங்கடலைத் தள்ளியது. மாலத்தீவைத் தள்ளியது. முழங்காலுக்காக இருபத்தேழு டிகிரி என்று கணக்கு வைத்தது. அனுமோள் அனுப்பிய படங்கள், வேலாயுதன் போட்ட கொள்ளாம், சுகுமாரி அடுக்களை வாசலில் நின்று கேட்ட மீன்கறி, எல்லாமே அதற்குப் பிறகுதான். சதானந்தன் மட்டும்தான் அந்தப் பயணத்தை நம்பியிருந்தார். மற்ற மூன்று பேரும் அது நடக்காது என்று தெரிந்துகொண்டே அவரோடு உட்கார்ந்து தீவு தேடியிருக்கிறார்கள்.

சுகுமாரி அடுக்களையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள். கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் இருந்தது.

"அனு சொல்லிச்சா?" என்றாள்.

"நீ சொல்லியிருக்கணும்."

"சொன்னா கேப்பியளா?"

"கேக்கமாட்டேன். ஆனா எனக்க மூஞ்சியப் பாத்து வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே. மூணு மாசம் நான் பொட்டனப் போல படிச்சுக் காட்டிட்டு இருந்தேன். நீ மீன்கறி கிட்டுமான்னு கேட்ட."

சுகுமாரிக்குக் கண் நிறைந்தது. ஆனால் குரல் தழையவில்லை. "நீங்க முங்குன காலம் ஒக்க நான் இந்த வீட்டுல இருந்து தீ தின்னேன். போன் அடிச்சா எனக்கு ஈரக்கொல நடுங்கும். நீங்க ரிட்டயர் ஆன அண்ணைக்குத்தான் நான் நல்லோணம் உறங்குனேன். பின்னயும் வெள்ளத்துக்குள்ள போறேன்னு நிக்கியளே. அதுக்கு மேல வேலண்ணன் வந்து இதையும் சொன்னா, நான் என்ன செய்ய?"

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அதுவும் ஆத்திரமாக வந்தது.

அப்படியே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அமரவிளைக்குப் போனார். வேலாயுதன் வீட்டு முற்றத்தில் பாக்கு காயப்போட்டுக்கொண்டிருந்தார். சதானந்தன் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. கால் ஊன்றி நின்றபடியே கேட்டார்.

"அம்மை மேல சத்தியம் செய்தியளே, அண்ணே."

வேலாயுதன் நிமிர்ந்தார். கையிலிருந்த பாக்கைப் போடாமலே நின்றார். "உனக்க நன்மைக்காக்கும் சதா. உனக்கு அண்ணைக்கு வெட்டு வந்து. கையும் காலும் கெடந்து அடிச்சு. நான் கண்டதாக்கும்."

"எனக்கா?"

"உனக்குத்தான்."

"பன்னெண்டு வருஷமா இத எனக்கிட்ட சொல்லல்லியே?"

"நீ பேடிச்சுப் போவேன்னு சொல்லல்ல."

சதானந்தன் வண்டியைத் திருப்பினார். ஆனால் தேசிய நெடுஞ்சாலைக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தார். வலிப்பு. லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன, இந்த நிமிஷம் வந்தால்? வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். மீதி தூரம் தள்ளிக்கொண்டே வந்தார். அடுத்த பத்து நாளும் அப்படித்தான். தென்னைக்குத் தடம் வெட்டும்போது, கிணற்றோரம் நிற்கும்போது, முகம் மழிக்கும்போது எல்லாம் உடம்பை உற்றுக் கவனித்தார். ஐம்பத்தெட்டு வருஷம் தன்னோடு ஒத்து வந்த உடம்பு இப்போது வேறு யாருடையதோ போல இருந்தது.

நரம்பு மருத்துவரைப் பார்க்கப் போனது தீவுக்காக அல்ல. தீவு மனசிலிருந்து போய்விட்டிருந்தது. தனக்கு என்ன என்று தெரிந்தால் போதும் என்றுதான் நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரைத் தேடிப் போனார். டாக்டர் ரேஷ்மிக்கு நாற்பது வயசு இருக்கும். நிதானமாகக் கேட்டார். படிவத்தில் பொய் குறித்ததைக்கூட அவரிடம் மறைக்காமல் சொன்னார் சதானந்தன். தலையில் ஒயர்களை ஒட்டி ஒரு பரிசோதனை, குழாய்க்குள் படுக்கவைத்து ஒரு ஸ்கேன். இரண்டிலும் ஒன்றுமில்லை.

"ஆனாலும் அன்றைக்கு நடந்ததைப் பார்த்த ஆள் வேண்டும்" என்றார் டாக்டர் மலையாளத்தில். "வலிப்பா, வெறும் மயக்கமா என்று பார்த்தவர்தான் சொல்ல முடியும். அவரைக் கூட்டிக்கொண்டு வர முடியுமா?"

கேட்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டார். போனில் வேலாயுதன், "வாறேன்" என்றார்.

டாக்டரின் முன்னால் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். எந்தக் கை முதலில் அடித்தது? வலதா, இடதா? கண் திறந்திருந்ததா? பல் கிட்டிப் போயிருந்ததா? நாக்கில் ரத்தம்? துணியில் மூத்திரம் போனதா? எழுந்ததும் ஆளை அடையாளம் தெரிந்ததா?

வேலாயுதன் வலது என்றார். பிறகு இரண்டும் என்றார். கண்ணைப் பற்றிக் கேட்டபோது மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்தார். டாக்டர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

"அடிக்கல்ல, டாக்டரே" என்றார் வேலாயுதன் கடைசியில். மெல்லத்தான் சொன்னார். "துணி போலக் கெடந்தான். நான் கன்னத்துல ரெண்டு தட்டு தட்டுனேன். சர்தி எடுத்தான். பின்ன, அந்த ஆளு பொழச்சானான்னு என்னட்டக் கேட்டான்."

"அடித்துக்கொள்ளவே இல்லையா?"

"இல்ல."

டாக்டர் சதானந்தனைப் பார்த்தார். அவர் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட வாயுவால் வந்த மயக்கம்தான், வலிப்பு நோய் எதுவும் இல்லை, முங்குவதற்குத் தடையில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து மருந்துக்கடைப் படியருகே நின்றார்கள். பஸ்கள் ஒலியெழுப்பிக்கொண்டு போயின.

"எதுக்கு அண்ணே?" என்றார் சதானந்தன்.

வேலாயுதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "எனக்குப் பேடி, சதா."

"எனக்காகவா?"

"இல்ல. எனக்கு. எனக்கு வெள்ளம்னா பேடி. அண்ணைக்கும் பேடி, இண்ணைக்கும் பேடி. முப்பது வருஷம் நான் ஒரு தடவ எறங்குனேனா? நீ என்னைக் கயிறு பிடிக்கச் சொன்னது எனக்கு ரெட்சையாப் போச்சு. ஆளுவ ரெண்டு பேரையும் சேத்துத்தான் தைரியசாலிகள்னு சொன்னாவ. நானும் கேட்டுட்டு நின்னேன். அண்ணைக்கு அனுவுக்க முன்னால போவமான்னு நீ கேட்டப்போ, இல்லேன்னு சொல்ல நாக்கு எழும்பல்ல."

"அதுக்கு என்ன சீக்காளி ஆக்குனியளா?"

"சுகுமாரி தடுத்துப் போடும்னு நெனச்சேன். வெறும் மயக்கம்னு சொன்னா அதுக்கு மனசுல ஏறாதுன்னு தோணிச்சு. அதாக்கும் வெட்டுன்னு..."

அவரால் முடிக்க முடியவில்லை.

"எனக்குப் பேடின்னு ஒத்த வார்த்த சொல்லியிருந்தா நான் சிரிப்பேனா, அண்ணே? நீங்க கரையில இருங்கன்னு சொல்லியிருப்பேனே. எப்பளும் போல."

வேலாயுதன் தலையைக் குனிந்துகொண்டார். சதானந்தன் அவரை அங்கேயே விட்டுவிட்டு, சாலையைக் கடந்து, பாறசாலை பஸ்ஸில் ஏறினார். அன்று ரோட்டில் தள்ளிக்கொண்டு நடந்த ஸ்கூட்டரும் அந்தப் பத்து நாளும் அவர் நினைவில் வந்துகொண்டே இருந்தன. பயந்ததை மன்னிக்கலாம். மனிதன்தானே. ஆனால் ஒருவன் தன் பயத்தை மறைக்க இன்னொருவன் உடம்புக்குள் ஒரு நோயைக் கொண்டுபோய் வைப்பானா? அதுவும் அந்த உடம்பைக் கயிற்றில் தூக்கிக் கரை சேர்த்தவன்?

டாக்டரின் கடிதத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அவரே அனுப்பினார். படிவத்தையும் திருத்தி, நினைவு தப்பியதுண்டு என்று குறித்து, காரணத்தையும் எழுதினார். இரண்டு பேருக்குப் பதிவு செய்திருந்ததை ஒன்றாக்கினார். சுகுமாரி தடுக்கவில்லை. அவர் பெட்டியில் நான்கு வேட்டியும் ஒரு ஊறுகாய் பாட்டிலும் வைத்தாள். அனுமோள் தான் கூட வருகிறேன் என்றாள். "வேண்டாம் மக்கா" என்று மட்டும் சொன்னார்.

தீவில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது சோனா என்ற கொல்லத்துக்காரி. முப்பத்தைந்து வயசு, வெயிலில் கருத்த முகம், பேச்சில் கண்டிப்பு. முதல் நாள் காலை, இடுப்பளவு வெள்ளத்தில் மணலில் மண்டியிட்டார்கள். வாயில் குழாய், கண்ணில் கண்ணாடி. சோனா கட்டைவிரலைக் கீழே காட்டியதும் தலையை உள்ளே விட்டார்.

மூச்சு வந்தது. தண்ணீருக்குள் மூச்சு விடும் விந்தையில் சில நொடி அப்படியே இருந்தார். அப்போது அவர் முகக்கண்ணாடியை யாரோ விரலால் தட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று தடவை. பிறகுதான் புரிந்தது, அவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். பழக்கம்.

திறந்தார்.

முதலில் தெரிந்தது அவருடைய இரண்டு கைகள்தான். மணலில் ஊன்றியிருந்தன. இடது கட்டைவிரலில் பழைய வெட்டுத் தழும்பு, மோதிரம், நகம், எல்லாம் அப்படியே தெரிந்தன. இத்தனை வருஷம் எத்தனையோ பேரைத் தடவிக் கண்டுபிடித்த கைகள். வெள்ளத்துக்குள் அவை எப்படி இருக்கும் என்று இன்றுதான் பார்க்கிறார். விரல் நுனிக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன் வந்து நின்று, அவரைப் பார்த்துவிட்டுப் போயிற்று. கண்ணாடிக்குள் கண்ணீர் நிறைந்து பார்வை மங்கியது. சோனா மேலே போகலாமா என்று கையால் கேட்டார். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

நான்காம் நாள் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்குப் போனார்கள். கீழே பாறைக்கூட்டம். மஞ்சளும் நீலமுமாக மீன்கள். ஒரு கடலாமை பாசியைக் கடித்துக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் போனபோதும் அது தலையைத் தூக்கவில்லை. தன் நிழல் மணலில் விழுவதைப் பார்த்தார். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் அவர் கை தன்னால் இடுப்புக்குப் போனது, குழப்பமில்லை என்று மேலே சொல்ல. அங்கே கயிறு இல்லை. கை வெறும் தண்ணீரைத் துழாவியது. சோனாவின் கண்கள் உடனே அவர் பக்கம் திரும்பின. அவர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினார். நாலு நாள் பழக்கமுள்ள ஒரு பெண்ணிடம் அதைச் சொல்ல முடிந்தது. சொல்ல வேண்டிய ஆளிடம் இனிமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆமை போன பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு மிதந்தார்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் மாலை வேலாயுதன் வந்தார். சதானந்தன் கதவைச் சாத்தவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. சுகுமாரி சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளும் கேட்பதற்காகத்தான் உட்கார்ந்தாள் என்பது அவருக்குப் புரிந்தது. வேலாயுதன் முன்பைவிட மெலிந்திருந்தார்.

"பின்ன, உள்ள எப்பிடி இருந்து, சதா?" என்று கேட்டார்.

சதானந்தனின் தொண்டை வரை எல்லாம் வந்தது. கைகள் தெரிந்தது, மீன் வந்து நின்றது, ஆமை, நிழல். இந்த இரண்டு பேரைத் தவிர இதையெல்லாம் சொல்ல அவருக்கு உலகத்தில் யாரும் கிடையாது. தீவிலிருந்து வரும் வழியெல்லாம் யாரிடம் எப்படிச் சொல்வது என்று வரி வரியாகச் சேர்த்து வைத்திருந்தது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது. வாயைத் திறந்தார். பெட்டி கட்டிக் கொடுத்த சுகுமாரியையும், கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்த வேலாயுதனையும் பார்த்தார். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை இதே நாற்காலிகளில், இதே முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"வெள்ளம்தான்" என்றார். "உப்பு வெள்ளம்."

சுகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். வேலாயுதன் சாயாவைக் குடித்து முடித்து, டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"அப்போ நான் வாறேன்."

சதானந்தன் தலையசைத்தார். வெளியே பைக் உடனே கிளம்பவில்லை. வேலாயுதன் நாலைந்து தடவை மிதித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு மறுபடியும் மிதித்தார். சுகுமாரி கணவனைப் பார்த்தாள். சதானந்தன் எழுந்திருக்கவில்லை. கடைசியில் வண்டி உறுமிக் கிளம்பி, வளைவில் திரும்பி, தென்னைகளுக்கு அப்பால் சத்தம் தேய்ந்து போகும்வரை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.